செம்பு ஒன்றுதான், தண்ணீர்தான் வேறு

வாசகர் கேள்வி – பதில்

குளத்தில் மீன் செத்து மிதந்தால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதை ஒட்டித் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கங்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை செம்பு, துத்தநாகம், படிகாரம் ஆகியவற்றையே சுற்றிவருவதால், இந்த முறை வேறு கேள்விகளை நிறுத்திவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஈயம் பூசிய பழைய பித்தளை அண்டா ஒன்று உண்டு, பூச்சு பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. ஆடி மாதத்தில் உயிரோடு வாங்கிய அயிரையை, ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றி அதில் விட்டுவைத்தோம். இரண்டு நாள் துள்ளிக்கொண்டு இருந்தது. ஐப்பசியில் அதே அண்டாவில், மாடியிலிருந்து பிடித்த மழைத் தண்ணீரில் விட்டோம்; விடிவதற்குள் அத்தனையும் செத்துக் கிடந்தன. மழைத் தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் உண்டா? பிறகு ஏன் இப்படி ஆனது? (திருத்துறைப்பூண்டி வட்ட வாசகி)

பதில்: தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் அயிரைக்கு வினையாக முடிந்திருக்கிறது. மூச்சுத் திணறலாக இருக்குமோ என்ற ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஆடி வெயிலில் சூடேறிய தண்ணீரைவிட ஐப்பசியின் குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு கூடுதலாகவே கரைந்திருக்கும். அயிரையோ தேவைப்பட்டால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலாலும் சுவாசித்துக்கொள்ளும் சாதி. ஆகவே சந்தேகம் அண்டாவின் மீதுதான் விழுகிறது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். உள்ளே வெள்ளீயப் பூச்சு இருக்கும்வரை தண்ணீர் அந்த உலோகத்தைத் தொடுவதில்லை. பூச்சு தேய்ந்த இடத்தில் செம்பும் துத்தநாகமும் மிகச் சிறிய அளவில் கரைந்து இறங்குகின்றன. ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் நிறைய இருப்பதால், உலோகத்தின் மேல் மெல்லிய படிவு ஒன்று உருவாகிக் கரைவதை ஓரளவு தடுக்கிறது. மழைத் தண்ணீரில் அப்படிப்பட்ட உப்புகள் ஏறக்குறைய இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்திருப்பதால் அது இலேசான அமிலத்தன்மையோடும் இருக்கக்கூடும். எனவே அதே அண்டாவிலிருந்து மழைத் தண்ணீர் அதிக உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. இது பாதிக் கதைதான்.

மறு பாதி மீனின் செவுளில் நடக்கிறது. நன்னீர் மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு, அதைச் சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் மீனின் உடலிலிருந்து உப்பு ஓயாமல் வெளியே கசிந்துகொண்டே இருக்க, மீனும் ஓயாமல் செவுளின் வழியே சோடியத்தையும் கால்சியத்தையும் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் நீர் சேந்துவது போன்ற இந்த வேலை நின்றுபோனால் மீன் பிழைக்காது. தண்ணீரில் தனித்துத் திரியும் செம்பு அயனி, சோடியத்தை இழுக்கும் அந்த இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே வருவது நின்று, வெளியே போவது மட்டும் தொடர, இரத்தத்திலுள்ள சோடியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கும்போது இரத்தம் தடித்து, இதயம் தளர்ந்து மீன் இறக்கிறது. செம்பு மீனைக் கொல்வது, வயிற்றுக்குள் போய் விஷமாவதைவிட, வாசலை அடைத்து உப்பில்லாமல் சாகடிப்பதால்தான்.

இந்த வாசலில் நடக்கும் போட்டியில் ஆழ்குழாய்த் தண்ணீர் மீனின் பக்கம் நிற்கிறது. அதிலுள்ள கால்சியம் அயனிகள் செவுளின் பரப்பில் முந்திக்கொண்டு இடம் பிடிப்பதோடு, செல்களின் இடுக்குகளை இறுக்கி உப்புக் கசிவையும் குறைக்கின்றன. பைகார்பனேட்டும் கார்பனேட்டும் செம்பு அயனியைத் தண்ணீரிலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. அப்படிப் பிடிபட்ட செம்பு செவுளில் எளிதில் ஒட்டுவதில்லை. ஆக, உங்கள் அண்டாவில் ஐப்பசி மாதத்தில் கரைந்த செம்பும் கூடுதல், அதைத் தடுக்க ஆளும் இல்லை. துணி துவைத்தால் நுரைக்காத, பருப்பு வேகாத தண்ணீர் என்று நாம் திட்டும் தண்ணீர்தான் அயிரையை இரண்டு நாள் காப்பாற்றியிருக்கிறது.

இது புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. ஈயம், துத்தநாகம் ஆகியவற்றின் நஞ்சைக் கால்சியம் குறைக்கிறது என்பதை, முள்முதுகு மீன் எனப்படும் சிறு மீனைக் கொண்டு பிரிட்டனில் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் 1938இலேயே எழுதியிருக்கிறார். செவுளின் பரப்பில் உலோகமும் கால்சியமும் போட்டியிடுவதை 1983இல் பேகன்காப் கணக்காக்கினார். 2001இல் டி டோரோவும் உடன் பணியாற்றியவர்களும் அதை விரிவாக்கி, தண்ணீரின் தன்மைகளைக் கொடுத்தால் எவ்வளவு செம்பு செவுளில் ஒட்டும் என்று கணிக்கும் முறையை முன்வைத்தனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007இல் நன்னீருக்கான செம்பு வரம்பை அந்த முறையின்படியே திருத்தியது.

மீனை உயிரோடு வைக்க மண்பானையோ பிளாஸ்டிக் தொட்டியோ போதும். அண்டாவுக்கு மீண்டும் வெள்ளீயம் பூசினால் அது உங்கள் சமையலுக்கும் நல்லது.

கேள்வி: ஒரு மா பரப்பில் நாலடி ஆழக் குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கிறேன். ஐப்பசி அடைமழையில் குட்டை வழிந்து ஓடியது. கார்த்திகையில் பாசி படர்ந்ததால், பக்கத்துக் குட்டைக்காரர் சொன்னபடி ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றினேன். அன்று பிற்பகலிலேயே கட்லா சாகத் தொடங்கியது. மூன்றாம் நாள் விடியற்காலையில் எஞ்சியவை மேலே வந்து வாயைத் திறந்து தவித்துச் செத்தன. அவருடைய குட்டையும் இதே அளவுதான். ஆழ்குழாய்த் தண்ணீர் பாய்ச்சுகிறார். அவருக்கு ஒரு மீன்கூடச் சாகவில்லை. மயில்துத்தத்தில் கலப்படமா? (மன்னார்குடிப் பக்கத்து வாசகர்)

பதில்: மயில்துத்தத்தைக் குறை சொல்லும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. நாலடி ஆழம் என்றால் குட்டையில் சுமார் 16 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் ஒரு கிலோ மயில்துத்தத்தைக் கரைத்தால் லிட்டருக்கு 0.6 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வரும். மயில்துத்தத்தின் எடையில் கால் பங்குதான் செம்பு. ஆகவே செம்பு மட்டும் லிட்டருக்குச் சுமார் 0.16 மில்லிகிராம்.

மீன் வளர்ப்பில் நெடுநாளாக ஒரு விதி உண்டு. தண்ணீரின் மொத்தக் காரத்தன்மையை (பைகார்பனேட், கார்பனேட் ஆகியவற்றின் அளவு; லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) நூறால் வகுத்தால் வரும் எண்ணே, ஒரு லிட்டருக்கு இடக்கூடிய மயில்துத்தத்தின் மில்லிகிராம் அளவு. உங்கள் பக்கத்துக் குட்டையின் காரத்தன்மை 200 என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது அந்தக் குட்டைக்கு மூன்று கிலோவுக்கு மேல்கூடத் தாங்கும். அவர் போட்டது ஒரே கிலோ. மழையில் வழிந்து, பழைய தண்ணீர் வெளியேறி, மழைத் தண்ணீரால் நிரம்பிய உங்கள் குட்டையின் காரத்தன்மை 40 ஆக இறங்கியிருந்தால் 0.4 மில்லிகிராம்தான் எல்லை. அதற்கு 640 கிராம் போதும். நீங்கள் அதைப்போல் ஒன்றரை மடங்கு போட்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்கையும் முழுமையாக நம்பிவிடாதீர்கள். காரத்தன்மை 50க்குக் கீழே இருந்தால் மயில்துத்தத்தின் பக்கமே போக வேண்டாம் என்பதுதான் எமது கருத்து. அந்த நிலையில் பாசியைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகிவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு சாவுகள் இருக்கின்றன. அன்று பிற்பகலில், வெயில் அடிக்கும்போதே செத்தவை செம்பால் செத்தவை. மூன்றாம் நாள் விடியலில் வாய் பிளந்து தவித்தவை பிராணவாயு இல்லாமல் செத்தவை. செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். பாசி உயிரோடு இல்லாததால் பகலில் புதிதாக உற்பத்தியும் இராது. இரண்டையும் பிரித்தறிய எளிய குறிப்பு ஒன்று உண்டு. பிராணவாயுக் குறைவு விடியற்காலையில் தாக்கும், பெரிய மீன்களை முதலில் காவு வாங்கும், காற்றைச் சுவாசிக்கும் விராலையும் தேளியையும் பெரும்பாலும் விட்டுவிடும். உலோக நஞ்சு நேரம் பார்ப்பதில்லை. எவ்வளவு குறைந்த அளவு போட்டாலும், குட்டை முழுவதற்கும் ஒரே நாளில் போடாமல் பகுதி பகுதியாகப் போடச் சொல்வது இதனால்தான்.

இனி, எல்லோரும் தடுமாறும் ஓர் இடம். கடினத்தன்மை வேறு, காரத்தன்மை வேறு. கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பது கடினத்தன்மை. பைகார்பனேட்டும் கார்பனேட்டும் எவ்வளவு என்பது காரத்தன்மை. சுண்ணாம்புப் பாறையில் ஊறிய தண்ணீரில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் பலரும் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகின்றனர். சோடியம் பைகார்பனேட் மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரில் காரத்தன்மை உயர்ந்தும் கடினத்தன்மை தாழ்ந்தும் இருக்கும். அதில் சோப்பு நன்றாகவே நுரைக்கும். செம்பிலிருந்து மீனைக் காப்பதில் காரத்தன்மைக்குப் பெரும் பங்கு உண்டு. துத்தநாகமும் காட்மியமும் கால்சியம் நுழையும் வாசலையே அடைப்பவை. ஆகையால் அவற்றுக்கு எதிரே கடினத்தன்மைதான் முக்கியக் காவல். ஜிப்சம் போட்டால் கடினத்தன்மை மட்டும் கூடும், காரத்தன்மை கூடாது. வேளாண் சுண்ணாம்பு போட்டால் இரண்டும் கூடும், ஆனால் மெதுவாக. மீன் சாகத் தொடங்கிய பிறகு அதை வாரிக் கொட்டுவதில் பயனில்லை. அந்த நேரத்தில் செய்யக்கூடியது நல்ல தண்ணீரைப் பாய்ச்சுவது மட்டுமே.

கேள்வி: எங்கள் கிணற்று நீரைச் சோதித்ததில் செம்பும் துத்தநாகமும் குடிநீர் வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வந்தது. மனிதன் குடிக்கும் தண்ணீர் மீனுக்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ளலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: ஆகாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி செம்புக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம். வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. நீர்வாழ் உயிர்களுக்காக அமெரிக்காவில் 2007க்கு முன் வழக்கிலிருந்த கணக்கின்படி, கடினத்தன்மை 50 ஆனால் செம்பு சுமார் 7 மைக்ரோகிராம், 100 ஆனால் சுமார் 14, 200 ஆனால் சுமார் 27 என்றே எல்லை வைத்திருந்தனர். இவை கெண்டை செத்துவிடும் அளவுகள் அல்ல. நீர்ப்பூச்சிகள் உள்ளிட்ட மென்மையான உயிர்களையும் காக்க வைத்த எல்லைகள். துத்தநாகத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. குடிநீருக்கு 5 மில்லிகிராம் வரை குறையில்லை. கடினத்தன்மை 100 உள்ள ஆற்று நீருக்கு அதே அமெரிக்க எல்லை சுமார் 120 மைக்ரோகிராம்தான். நாம் தண்ணீரைக் குடித்து வயிற்றுக்கு அனுப்புகிறோம். மீனோ இரத்தத்துக்கு மிக அருகிலுள்ள மெல்லிய தோலை இரவும் பகலும் அதில் நனைத்துக்கொண்டிருக்கிறது.

இதே வாசகர், ஆர்.ஓ. தண்ணீரில் வளர்க்கும் வண்ணமீன்களுக்குக் கடைக்காரர் கொடுத்த செம்பு மருந்தை ஊற்றலாமா என்றும் கேட்டிருக்கிறார். அயிரைக்கு நேர்ந்ததைப் படித்திருப்பார் என்று நம்புகிறோம். அந்தத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் இந்த வகையில் உறவுதான்.

கேள்வி: சம்பா நடவுக்கு ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் மணலில் கலந்து தூவுகிறோம். மறுநாள் மழை வந்தால் வயல் தண்ணீர் வடிந்து கீழே உள்ள மீன் குட்டையில் சேர்கிறது. ஆபத்து உண்டா? (பாபநாசம் வட்ட வாசகர்)

பதில்: உண்டு, ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு எப்போதும் இராது. பத்துக் கிலோவில் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாகத் துத்தநாகம் இருக்கும். இரண்டு அங்குலம் நிற்கும் ஓர் ஏக்கர் வயல் தண்ணீர் சுமார் இரண்டு லட்சம் லிட்டர். அத்தனையும் கரைந்தே நின்றால் லிட்டருக்கு 11 மில்லிகிராம் வரை போகும். அது எந்த மீனுக்கும் அதிகம். ஆனால் டெல்டாவின் களிமண் துத்தநாகத்தை விரைவில் பிடித்துக்கொள்ளும். பயிருக்கே கிடைக்காத அளவுக்குப் பிடித்துக்கொள்வதால்தானே ஆண்டுதோறும் போடவேண்டியிருக்கிறது. ஆகவே தூவிய சில நாட்களுக்கு மடையை அடைத்து வையுங்கள். அதற்குள் பெருமழை வந்துவிட்டால் வடிகாலைக் குட்டையில் விடாமல் வாய்க்காலுக்குத் திருப்புங்கள். வெற்றிலைக் கொடிக்காலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிப்பவர்கள் தெளிப்பானைக் குட்டையில் கழுவுவதை நிறுத்தினால் அதுவும் ஒரு புண்ணியம்.

கேள்வி: குட்டை கலங்கலாகவே இருக்கிறது. படிகாரம் போட்டுத் தெளியவைக்கலாமா? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: காரத்தன்மையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். படிகாரம் ஒரு மில்லிகிராம் கரையும்போது காரத்தன்மையில் ஏறக்குறைய அரை மில்லிகிராமை விழுங்கிவிடும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் படிகாரம் போட்டால் 15 போய்விடும். 150 உள்ள குட்டைக்கு இது பொருட்டில்லை. மழைத் தண்ணீர் நிறைந்து 20 மட்டுமே உள்ள குட்டையில் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) சரிந்து, படிகாரத்திலுள்ள அலுமினியம் கரைந்த நிலையிலேயே நிற்கும். பி.எச். ஆறுக்குக் கீழே இறங்கிய தண்ணீரில் அந்த அலுமினியம் மீனின் செவுளில் படிந்து, உப்பையும் மூச்சையும் சேர்த்தே கெடுக்கும். அமில மழையால் பாதிக்கப்பட்ட வட ஐரோப்பிய ஏரிகளில் மீன்கள் அழிந்ததில் அலுமினியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. காரத்தன்மை குறைவாக இருந்தால் முதலில் சுண்ணாம்பு, பிறகு படிகாரம். குடத்துத் தண்ணீருக்கு நம் பாட்டிமார் தேய்த்த தேற்றாங்கொட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு மா குட்டைக்கு எத்தனை மூட்டை தேற்றாங்கொட்டைக்குப் போவது?

கேள்வி: மேட்டூர் திறந்து கல்லணை தாண்டி வரும் செந்நிறப் புதுத் தண்ணீர் மீனுக்கு நல்லதா, கெட்டதா? (திருவையாறு வாசகர்)

பதில்: உலோகம் என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால் நல்லது. வண்டலின் நுண்ணிய களிமண் துகள்களும், அழுகிய இலைதழைகளிலிருந்து கரைந்து தேயிலை நிறம் தரும் மக்குப் பொருளும் செம்பையும் ஈயத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். செம்பைப் பொறுத்தவரை, கரைந்த மக்குப் பொருளின் காவல் பல நேரங்களில் கடினத்தன்மையின் காவலைவிடப் பெரிது. கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம் என்று இதனால்தான் சொல்கிறோம். ஆனால் வறண்டு கிடந்த வாய்க்காலின் குப்பையை அள்ளிக்கொண்டு வரும் முதல் தண்ணீரில் பிராணவாயு குறைவாக இருக்கக்கூடும். அதைக் குட்டைக்குள் விடாமல் ஓரிரு நாள் ஓடவிட்டுப் பிறகு திறப்பது நல்லது.

கேள்வி: கடினமான தண்ணீரில் மீன் சாகாமல் தப்பிவிட்டால், அந்த மீனைச் சாப்பிடலாமா? (நாகப்பட்டினம் வாசகி)

பதில்: மிக நல்ல கேள்வி. மீன் உயிரோடு இருப்பது, அதன் உடலில் உலோகம் சேரவில்லை என்பதற்குச் சான்றாகாது. செம்பும் துத்தநாகமும் உயிருக்குத் தேவையானவை என்பதால் மீன் அவற்றை ஓரளவு தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும். மிகுதி ஈரலில் தங்கும், சதையில் அதிகம் ஏறாது. காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும், ஈயம் எலும்பிலும் சேரும். குடலையும் ஈரலையும் நீக்கிச் சமைக்கும் நம் வழக்கம் இங்கே கைகொடுக்கிறது. பாதரசம் மட்டும் வேறு கதை. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிட, அது இரை வழியே ஏறிச் சதையிலேயே தங்குகிறது. சிறு மீனைத் தின்னும் பெரிய மீனில் கூடுகிறது. கழுவினாலும் போகாது, கொதித்தாலும் போகாது. அதற்குக் கடினத்தன்மை காவலாகாது.

கேள்வி: தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறீர்கள். எப்படி எடுப்பது? (பட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: கரையோரத்தில் மொண்டு எடுக்காதீர்கள், குட்டையின் நடுவில், மேல்மட்டத்துக்கு ஓரடி கீழிருந்து எடுங்கள். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் வேண்டும். உலோகம் பார்க்க வேண்டிய பாட்டிலில் ஆய்வகம் தரும் அமிலத்தைச் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு குறைவாகக் காட்டும். காரத்தன்மைக்கான பாட்டிலில் அந்த அமிலம் ஒரு துளிகூடப் படக்கூடாது. பட்டால் அளக்க வேண்டிய காரமே அழிந்துவிடும். கரைந்த உலோகம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், அமிலம் சேர்க்கும் முன் வடிகட்டித் தரும்படி கேளுங்கள். சேற்றோடு சேர்த்து அளந்த எண் மீனுக்கு எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லாது. செம்பு, துத்தநாகம் என்று மட்டும் கேட்டு வாங்கும் அறிக்கை பாதி அறிக்கைதான், பி.எச்., கடினத்தன்மை, காரத்தன்மை மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. எங்கே, எப்படிச் சோதிப்பது என்று அங்கே விசாரித்துவிட்டு அனுப்பலாம்.

பி.எச்.ஐ மட்டும் குட்டைக் கரையிலேயே அளந்துவிடுங்கள். பாசி மிகுந்த குட்டையில் விடியலில் ஏழாக இருப்பது பிற்பகலில் ஒன்பதைத் தாண்டிவிடும். பி.எச். மாறும்போது தண்ணீரில் செம்பின் நிலையும் மாறுவதால், காலைச் செம்பும் மாலைச் செம்பும் மீனுக்கு ஒன்றல்ல. ஆகவே பாட்டிலின் மேல் தேதியோடு மணியையும் எழுதி ஒட்டுங்கள்.